சமூகப் பணியில் டாக்டர் பட்டம் நமக்கு எதற்கு?

சமூகப் பணியில் டாக்டர் பட்டமா, அது தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர் உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் அது வேண்டும் என்பது நமது கருத்து.

இப்பட்டம் இருவகை. ஒன்று, ஆராய்ச்சி செய்து பல்கலைக்கழகத்தில் போதிக்கப் போகிறவருக்கு. மற்றொன்று, மக்களிடையே பல ஆண்டு உழைத்தவர், வேலையை விடாமலே, தாம் அன்றாடம் காணும் பிரச்சினையை ஆராய்ந்து வழி கண்டு பெறுவது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் இந்த இரண்டாம் வகையை 2007இல் தொடங்கியது.

முதற்படி நம் அருகிலேயே இருக்கிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975 முதல் சமூகப் பணியைக் கற்பித்து வருகிறது. நமது கெடாவில், சிந்தோக்கில், 1984இல் தோன்றிய உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு உண்டு.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பரை விரட்டிய செம்பனையும் எத்தனை குடும்பங்களை லயத்திலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்குத் தள்ளின! சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் கேட்டுப் பாருங்கள். பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளையின் மனு எங்கே தடைப்படுகிறது? சம்பளம் சம்சுவில் கரையும் வீட்டில் முதலில் யாரிடம் பேசுவது? இவை கோப்பை மட்டும் பார்த்தவருக்கு விளங்கா. விடியற்காலைப் பெரட்டுக்குப் போன குடும்பத்துப் பிள்ளைக்கு விளங்கும்.

கிராணிமாரே, பால்மரத் தோழர்களே! பட்டம் பெற்றவர் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டால் பயனில்லை. சங்கம் உதவிப் பணம் தரட்டும். ஒரு நிபந்தனையோடு தரட்டும். கண்டறிந்ததை நம் மக்கள் முன் தமிழில் படித்து, அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவு செய்யட்டும்.