வரைகோடு விழுங்கிய சொல்

விமான நிலைய வானிலைப் பதிவுகளைக் கோடுகளாக வரைந்து காட்டும் இணையச் செயலிகள் இன்று ஆய்வு மாணவரின் அன்றாடக் கருவிகளாகிவிட்டன. நிலையத்தின் நான்கெழுத்துக் குறியை இட்டுத் தேதியைத் தேர்ந்தால் போதும். வெப்பநிலையும் காற்றும் அழுத்தமும் பார்வைத் தொலைவும் நொடியில் படமாகிவிடும். சிதறிக் கிடந்த பதிவுகளை எவர் கைக்கும் எட்டச் செய்த இச்செயலிகளின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லை எறிந்துவிடும் செயலி ஒரு பெரும் பிழையைச் செய்கிறது. தில்லியின் குளிர்காலத்தை ஆராய்பவருக்கு அது சிறு குறை அன்று; முடிவையே திரித்துவிடக்கூடிய இழப்பு.

இச்செயலிகள் வரைவது மெட்டார் எனப்படும் அறிக்கையை. 1968 முதல் உலக நாடுகளின் பொதுப் பயன்பாட்டில் இருக்கும் இவ்வறிக்கையை இந்தியாவின் பெரிய விமான நிலையங்கள் அரைமணிக்கு ஒருமுறை வெளியிடுகின்றன. இதனை எண்களின் பட்டியலாகக் கருதுவது தவறு. வரிசை இலக்கணம் கொண்ட குறுமொழி இது. நிலையம், நேரம், காற்று, பார்வைத் தொலைவு, வானிலை நிகழ்வு, மேகம், வெப்பநிலை, அழுத்தம் என்னும் ஒழுங்கு இதில் பிறழ்வதில்லை. பார்வைத் தொலைவு எவ்வளவு என்பதை எண் சொல்கிறது. எதனால் குறைந்தது என்பதை அதனைத் தொடரும் ஈரெழுத்துச் சொல் சொல்கிறது.

அச்சொற்களின் பொருள் வரையறுக்கப்பட்டது. எஃப்.ஜி. என்றால் மூடுபனி, பார்வைத் தொலைவு 1000 மீட்டருக்கும் குறைவு. பி.ஆர். என்றால் ஈரப்பதத்தால் எழும் மெல்லிய பனிமூட்டம். தொலைவு 1000 முதல் 5000 மீட்டர் வரை. எச்.இசட். உலர்ந்த நுண்துகள்களின் மூட்டம். எஃப்.யூ. என்றால் புகை. பி.ஆர்., எஃப்.யூ. ஆகிய இரண்டும் புரூம், ஃபுமே என்னும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து பிறந்தவை. நீரா, தூசா, நெருப்பா என்னும் வேறுபாட்டை இந்த ஈரெழுத்துகளே சுமக்கின்றன.

இரண்டு அறிக்கைகளைக் கொள்வோம். இரண்டிலும் பார்வைத் தொலைவு 800 மீட்டர். ஒன்றில் எஃப்.ஜி., மற்றதில் எஃப்.யூ. முன்னது சனவரி விடியற்காலை. பின்னது நவம்பர் மாலை. எண்ணை மட்டும் வரையும் செயலியில் இவ்விரண்டும் ஒரே உயரத்தில் அமர்ந்த இரு புள்ளிகள். பனியும் புகையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அப்படத்தைத் தன் ஆய்வேட்டில் ஒட்டி, கீழே ‘தில்லியில் மூடுபனி நாட்கள்’ என்று எழுதும் மாணவர், அறிக்கை சொல்லாத ஒன்றை அறிக்கையின் பெயரால் சொல்கிறார்.

இது வெறும் சொல்லாராய்ச்சிப் பூசல் அன்று. மூடுபனி இயற்கை, அதற்கு எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. புகைக்கு மூலம் உண்டு. வைக்கோல் தாளடியை எரிக்கும் வயல், வாகனம், செங்கற்சூளை, அனல்மின் நிலையம், குப்பைமேடு என்று சுட்டிக்காட்ட முடியும். விமானம் தாமதமானதற்கும் சாலையில் வாகனங்கள் மோதியதற்கும் ‘பனி’ என்று எழுதுவதா ‘புகை’ என்று எழுதுவதா என்பது பொறுப்பைப் பற்றிய கேள்வி. சொல் நீங்கிய படம் அக்கேள்வியை எழவே விடுவதில்லை. இத்தனைக்கும் பனியும் துகளும் தில்லியில் தனித்தனியே நிற்பவை அல்ல. காற்றில் மிதக்கும் துகள்கள்மீதே நீர் படிந்து பனித்துளியாகிறது. 2015 முதல் இந்திரா காந்தி விமான நிலையத்தில் குளிர்கால மூடுபனி ஆய்வு நடைபெறுவதும், அது துகள்களையும் அளப்பதும் இதனாலேயே. சிக்கலான உறவை ஆராய வேண்டிய இடத்தில் வேறுபாட்டையே அழிப்பது அறிவியலாகாது.

‘எண் புறநிலையானது, சொல்லோ பார்வையாளரின் மனம்போன தீர்ப்பு, ஆகவே சொல்லை நீக்குவதே முறை’ என்பர் சிலர். எண்ணும் மரபுக்குக் கட்டுப்பட்டதே. 800 மீட்டருக்குக் கீழ் 50 மீட்டர் படிகளிலும், அதற்கு மேல் 5000 வரை 100 மீட்டர் படிகளிலும் அது எழுதப்படுகிறது. 10 கிலோமீட்டரைத் தாண்டிய எல்லாத் தொலைவும் 9999 என்னும் ஒரே குறியில் அடங்குகிறது. வெப்பநிலை முழு எண்ணாக்கப்படுகிறது. இவை குறைகள் அல்ல. விமானிக்குத் தேவையான அளவில் பேசும் மொழியின் மரபுகள். சொல்லை இடுவதில் பார்வையாளர்கள் வேறுபடுவார்களாயின், அவ்வேறுபாடும் ஆராயப்பட வேண்டிய தரவே. தீர்ப்பில் ஐயம் இருக்கிறது என்பதற்காகத் தீர்ப்பையே ஒளித்துவைப்பது எவ்வகை நேர்மை?

சொல்லை மதியாத செயலி எண்ணையும் காப்பதில்லை. வானம் தெளிந்து தொலைவு 10 கிலோமீட்டருக்குக் குறையாதபோது, எண்ணுக்கு மாற்றாகக் ‘கவோக்’ என்னும் ஒரே சொல் எழுதப்படும். அச்சொல்லை அறியாத நிரல் அங்கே ‘தரவு இல்லை’ என்று கொள்ளும். மிகத் தெளிந்த பொழுதுகள் கணக்கிலிருந்து உதிர்ந்து, சராசரி இருளும்.

தீர்வு கடினமானதன்று. ஒவ்வொரு புள்ளியின் கீழும் மூல அறிக்கையின் வரி அப்படியே தோன்ற வேண்டும். பார்வைத் தொலைவுக் கோட்டின் அடியில் பனி, புகை, தூசு ஆகியவை வெவ்வேறு நிறப் பட்டைகளாக ஓட வேண்டும். அறிக்கை வராத நேரத்தை நேர்கோட்டால் இணைக்காமல் இடைவெளியாகவே விட வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் பேணும் காப்பகம், பிரித்த எண்களோடு மூல வரியையும் தருகிறது. ஆகவே இயலாமை என்னும் சாக்கு செல்லாது.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் கடமை உண்டு. கல்வெட்டை ஆராய்பவர் மூலவாசகத்தைத் தராமல் தன் சுருக்கத்தை மட்டும் தந்தால் எந்த நெறியாளரும் ஏற்பதில்லை. விமான நிலையத்தின் வானிலைக் கூற்றுக்கு மட்டும் அந்த நெறி ஏன் தளர்கிறது? நள்ளிரவில் கண்விழித்து, வெளியே சூழ்ந்திருப்பது பனியன்று, புகை என்று ஒரு பார்வையாளர் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஈரெழுத்தைப் படிக்காமல் வரையப்படும் எந்தக் கோடும் தில்லியின் காற்றைப் பற்றிய சான்றாகாது.