கரி படிந்த செங்கற்கள்

பழையன யாவும் எறிதற்குரியன என்னும் எண்ணம் நம்மிடையே நாளுக்கு நாள் வளர்ந்து வருகின்றது. சென்ற கிழமை எம்மைக் காண வந்த பழைய மாணவர் ஒருவர், தாம் வாங்கிய வீட்டின் குசினியைத் திருத்துவதற்காகப் புகைபோக்கியை இடிக்கப் போவதாகக் கூறி, "அந்தக் கல்லுகளை எங்கே கொண்டுபோய்க் கொட்டலாம், சேர்?" என்று வினவினார். அவருக்கு நாம் அளித்த விடையையே சற்று விரித்து இவ்வாரம் நேயர்களுக்கும் கூற விழைகின்றோம். அவ்விடை நூல்களிலிருந்து மட்டும் பெற்றதன்று. எமது பிழையிலிருந்தும் பெற்றது.

பண்டாரவளையில் நாம் குடியிருக்கும் வீடு பழையது. அதன் குசினியிலே செங்கல்லாற் கட்டிய பெரியதொரு புகைபோக்கி நின்றது. காஸ் அடுப்பு வந்தபின் அதற்கு வேலையில்லாது போயிற்று. மழைக்காலத்தில் அதன் ஓரமாகக் கூரையும் ஒழுகியது. ஆகவே 2018ஆம் ஆண்டில் அதனை இடித்துவிடத் துணிந்தோம். மேசன்மார் இருவர் உச்சியிலிருந்து வரிவரியாகக் கழற்றி இரண்டு நாளில் வேலையை முடித்தனர். முற்றத்தில் ஏறக்குறைய 700 கற்கள் குவிந்தன.

"ஒரு லொறி பிடிச்சால் பள்ளத்திலை கொட்டிப்போடலாம், சேர்" என்றார் மூத்த மேசன். நாமும் இசைந்தோம். எமது அன்னையார் மட்டும் இசைந்தாரல்லர். "தம்பி, நாற்பது வருசம் நெருப்புக்கு முன்னாலை நிண்ட கல்லு. எறியாதை. ஒரு நாளைக்கு உதவும்" என்றார். அவர் சொல்லைத் தட்ட மனமின்றிக் கற்களைப் பின்வளவில் அடுக்குவித்தோம்.

அன்று அன்னையார் தடுத்திராவிடின் நாம் பெருந்தவறு இழைத்திருப்போம். செங்கல் ஒன்றின் நிறை 2 முதல் 3 கிலோகிராம் வரை இருக்கும். 700 கற்கள் என்றால் 1.4 தொன்னுக்குக் குறையாது. இத்துணைப் பாரத்தை மலைச்சரிவிலே கொட்டினால், மழைநீர் ஓடும் வழி அடைபடும். நீர் வேறு வழி தேடி மண்ணை அரிக்கும். மண்சரிவு எத்தகைய கொடுமை என்பதை 2014ஆம் ஆண்டு மீரியபெத்தையிலே கண்ட மாவட்டத்தினர் நாம். சமவெளியில் வாழ்வோரும் கல்லையும் மண்ணையும் கானிலும் வயலோரத்திலும் கொட்டிவிட்டு, வெள்ளம் வந்தபின் விதியை நொந்துகொள்வதில் பயனில்லை.

புகைபோக்கிக் கல் ஏனைய பழங்கற்களைப் போன்றதன்று. அதன் உட்புறத்தில் பல்லாண்டுக் கரியும் தாரும் படிந்திருக்கும். அக்கரி உடலுக்குத் தீங்கானது. 1775ஆம் ஆண்டிலே பேர்சிவல் பொட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், இளமையிற் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தோருக்கு உண்டாகும் புற்றுநோய்க்குக் கரியே காரணமென எடுத்துக்காட்டினார். தொழிலொன்றினால் புற்றுநோய் விளையும் என்பதை உலகம் அறிந்தது அதன் வாயிலாகவே. ஆதலின் இக்கற்களைத் துப்புரவு செய்யுமுன் நீர் தெளித்து நனைத்தல் வேண்டும். கையுறையும் முகமூடியும் அணிதல் வேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது. வேலை முடிந்ததும் குளித்து, உடுத்த துணியைத் தனியே தோய்த்தல் நன்று.

அடுத்தது கல்லிற் பற்றிய சாந்தை நீக்குதல். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. மழுங்கிய உளியால் மெல்லத் தட்டினால் உதிர்ந்துவிடும். சீமெந்துச் சாந்தோ பெரும்பாலும் கல்லைவிட உறுதியானது. அதனைப் பெயர்க்க முயன்றால் முதலில் உடைவது கல்லே. சீமெந்தாற் கட்டிய புகைபோக்கியிலிருந்து முழுக்கல் மிகுதியாகக் கிடைக்குமென எதிர்பார்த்தல் வீண்.

கல்லின் தரத்தை அறிவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பின் வெடிப்போ வேகாமையோ உண்டு. நகத்தாற் கீறினால் அடையாளம் விழலாகாது. இன்னொரு சோதனையை மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். உலர்ந்த கல்லை நிறுத்து, 24 மணி நேரம் நீரில் அமிழ்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். சாதாரணச் செங்கல்லாயின் நிறை 20 வீதத்துக்கு மேல் கூடலாகாது. உரோமாபுரிச் சிற்பநூலாசிரியர் விற்றுருவியசு, சுட்ட கல்லின் தரம் அது கூரையிலிருந்து மழையையும் வெயிலையும் தாங்கிய பின்னரே தெரியவரும் எனக் கருதி, பழைய ஓடுகளாற் கட்டிய சுவரே உறுதியானதெனக் கூறியுள்ளார். நமது மூதாட்டியரும் இதனை அறிந்தேயிருந்தனர்.

இனி எமது பிழையைக் கூறுவோம். இடித்த மறு ஆண்டு, படிக்கும் அறையொன்றைத் தடுப்பதற்குச் சுவர் எழுப்பினோம். கல் வாங்கும் செலவைக் குறைக்க எண்ணி, கரி படிந்த கற்களையும் கலந்து கட்டுவித்துச் சாந்து பூசி வெள்ளையும் அடித்தோம். ஐப்பசி மழை தொடங்கியதும் சுவரிலே தேநீர் சிந்தியது போன்ற கறைகள் தோன்றின. மீண்டும் வெள்ளை அடித்தோம். கறை மீண்டும் வந்தது. கல்லினுள் ஊறியிருந்த தாரும் உப்பும் ஈரத்திற் கரைந்து, சுவர் உலரும்போது மேற்பரப்புக்கு வந்தமையே காரணம். அவ்வுப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்ப்பதனால் சுவர் என்றும் நனைந்தே இருந்தது. முடிவில் அச்சுவரை இடித்து வேறு கல்லாற் கட்டினோம். மிச்சம்பிடிக்க முயன்று இருமடங்கு செலவழித்த கதை இது.

ஆகவே கற்களை முதலிலேயே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுக. கரி படாத வெளிப்புறக் கற்களுள் உறுதியானவற்றை வளவுச் சுவருக்கும் படிக்கட்டுக்கும் பயன்படுத்தலாம். கட்டுமுன் நீரில் ஊறவைத்தல் வேண்டும். சீமெந்து மிகுந்த சாந்தைத் தவிர்த்தல் நன்று. கரி படிந்த முழுக்கற்கள் வெளியடுப்புக்கு ஏற்றவை. பூம்பாத்திக்கு வரம்பாகவும் அமையும். ஆயின் கீரை, மரக்கறிப் பாத்திகளுக்கு அவை வேண்டா. உடைந்தவற்றை நடைபாதையின் அடியிலும், கதவடியில் சேறாகும் இடத்திலும் இட்டு இடிக்கலாம். பாரந்தாங்கும் கொங்கிறீற்றுக்கு அவற்றைச் சேர்க்கலாகாது. கரியற்ற துண்டுகளை மாவாக இடித்துச் சுண்ணாம்புடன் கலந்தால் நீரிலும் இறுகும் சாந்து கிடைக்கும். சுர்க்கி என்று பழைய கொத்தர்கள் வழங்கியது இதுவே.

பழங்கல்லைப் பயன்படுத்துவதிலும் விவேகம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலே இலாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தோர், அரப்பாவின் மேடுகளிலிருந்து செங்கற்களை அகழ்ந்தெடுத்துப் பாதையின் அடியிலே பரப்பினர். ஏறக்குறைய 100 மைல் நீளத்துக்கு அக்கற்கள் போதுமாயிருந்தன என்று தொல்பொருளறிஞர் கன்னிங்காம் குறித்துள்ளார். நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நாகரிகமொன்றின் சுவர்கள் அவை என்பது 1921இல் அகழ்வு தொடங்கிய பின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று. ஆதலின் இடிக்குமுன் கல்லிலே எழுத்தோ முத்திரையோ உண்டா என்று பாருங்கள். பழம்பெருமை வாய்ந்த கட்டடமாயின் உரிய திணைக்களத்துக்கு அறிவியாமற் கைவைக்க வேண்டா.

எமது அன்னையார் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திற் காலமானார். அடுத்த ஆண்டு நாட்டிலே காஸ் தட்டுப்பாடு தலைவிரித்தாடியது. வெற்றுச் சிலிண்டருடன் மூன்று நாள் வரிசையிற் காத்திருந்து வெறுங்கையுடன் திரும்பினோம். மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அன்று மாலை பின்வளவிற்குச் சென்று, பாசி பிடித்துக் கிடந்த கற்களில் 60ஐத் தெரிந்தெடுத்தோம். களிமண்ணும் மணலும் குழைத்துப் பின்விறாந்தையின் ஓரத்தில் இரட்டையடுப்பு ஒன்று கட்டினோம். ஈரக்கல் திடீரெனச் சூடேறினால் வெடிக்கும் என்பதனால், சில நாள் சிறு சுள்ளிகளை மட்டும் எரித்து அதனை உலரவைத்தோம். பின்னர் அதிலே சோறு பொங்கியது. புகைபோக்கியை இடித்த குற்றத்துக்காக எமது கண்களும் நன்றாகக் கலங்கின. அது புகையால் மட்டுமன்று என்பதை நேயர்கள் உணர்வார்கள்.

அவ்வடுப்பு இன்றும் இருக்கின்றது. தைப்பொங்கலுக்கு அதிலேதான் பானை வைக்கின்றோம்.

பழைய மாணவருக்கு நாம் கூறிய விடையும் இதுவே: வீட்டைத் திருத்துவது உமது உரிமை, இடிக்க வேண்டியதை இடியும். ஆயின் லொறிக்குச் சொல்லியனுப்புமுன், அக்கற்களைக் கழுவி, தட்டிப் பார்த்து, பிரித்து அடுக்கும். வீட்டிலே முதியவர் எவரேனும் இருப்பின், அவரிடமும் ஒரு வார்த்தை கேளும்.