'சார், ஒரு நிமிஷம்!' - நொச்சிக்குப்பத்தில் செல்லும், கலிஃபோர்னியாவில் செல்லுமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நொச்சிக்குப்பம் பக்கம் போயிருக்கிறீர்களா? லூப் ரோட்டில் காரை ஓரமாக, சரி, பாதி ரோட்டில் நிறுத்திவிட்டு வஞ்சிரத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பீர்கள். டிராஃபிக் போலீஸ் விசில் அடிப்பார். நீங்கள் கையை மட்டும் தூக்கி, "சார், ரெண்டே நிமிஷம்... அக்கா வெட்டிக்கிட்டு இருக்காங்க" என்பீர்கள். அவர் முறைத்துவிட்டு, "சீக்கிரம் எடுங்க" என்பார். மீன் பைக்குள் போகும், கார் கிளம்பும், விஷயம் முடிந்தது.

டிசம்பர், ஜனவரியில் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்த குடும்பங்களையும் அங்கே பார்க்கலாம். அப்பா ஸ்டீயரிங்கில், முன் சீட்டில் அம்மா, அம்மா மடியில் குழந்தை. அங்கே குழந்தைக்குத் தனி சீட் வைத்து, பெல்ட் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டி எடுக்கிற அதே அப்பாதான். சென்னை ஏர்போர்ட்டில் இறங்கியதும் பழைய பழக்கம் திரும்பிவிடுகிறது.

தமாஷாகத் தெரியலாம். ஆனால் இது எதிர்த்திசையிலும் நடக்கிறது என்பதுதான் சிக்கல். இங்கே பழகிய கை, கால், வாய் மூன்றையும் சேர்த்துத்தான் பிளேன் ஏற்றி அனுப்புகிறோம். டெக்ஸாஸிலோ துபாயிலோ லண்டனிலோ ஒரு போலீஸ் வண்டி பின்னால் வந்து விளக்கைப் போடும்போது, அந்தப் பழக்கம்தான் முதலில் வெளியே வரும்.

காரைவிட்டு இறங்காதீர்கள்

சென்னையில் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வோம்? வண்டியை ஓரங்கட்டுவோம். டேஷ்போர்டிலிருந்து ஆர்.சி புக், லைசென்ஸை எடுப்போம். இறங்கி, ஜீப் பக்கத்தில் நிற்கிற எஸ்.ஐ-யிடம் நடந்து போவோம். அவர் உட்கார்ந்திருக்க, நாம் நின்றுகொண்டு பேசுவோம். அது மரியாதை என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த ஒவ்வொரு அசைவும் தப்பு. அங்கே வண்டியை வலது ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்தான் நம்மிடம் வருவார். லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்ஷூரன்ஸ் மூன்றும் கேட்பார். அவை டேஷ்போர்டுக்குள் இருந்தால், "அதில் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். சொல்லாமல் குனிந்தால், நீங்கள் பேப்பரைத் தேடுகிறீர்கள் என்று அவர் நினைக்க மாட்டார். துப்பாக்கி சர்வசாதாரணமாகப் புழங்குகிற நாடு அது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. சைரன் சத்தத்துக்கும் விளக்குக்கும் பின் சீட்டில் குழந்தை அழ ஆரம்பிக்கும். பெற்றவர்களுக்குத் தானாகவே உடம்பு திரும்பும். பெல்ட்டை அவிழ்த்துப் பின்னால் சாய்ந்து தட்டிக்கொடுக்கத் தோன்றும். அந்த நேரத்தில் அதைச் செய்யக் கூடாது. திரும்பாமல், குரலால் மட்டும் சமாதானப்படுத்த வேண்டும். எழுதுவதற்கு எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் காரணம் இருக்கிறது.

2016 ஜூலை 6. மின்னசோட்டா மாகாணத்தில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞரின் காரை, பின்விளக்கு எரியவில்லை என்று சொல்லிப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே மரியாதையாகச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் சுடப்பட்டார். பக்கத்தில் காதலி, பின் சீட்டில் அந்தப் பெண்ணின் 4 வயது மகள். சுட்ட அதிகாரி மறு வருடம் விடுதலையானார். சொன்னபடி நடந்தால் ஒன்றும் ஆகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நம் ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 2015 பிப்ரவரியில், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து அலபாமா போன சுரேஷ்பாய் படேல், மகன் வீட்டுப் பக்கம் காலை நடை போய்க்கொண்டிருந்தார். யாரோ போன் செய்ய, போலீஸ் வந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தரையில் தள்ளப்பட்டதில் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு ஆபரேஷன் வரை போனது. மாகாண கவர்னரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்தப் போலீஸ்காரர் மீதான கேஸ் நிற்கவில்லை. மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் ஆறு மாதம் பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போகிற அப்பா அம்மாக்களுக்கு, ஸ்வெட்டர் எடுத்து வைக்கச் சொல்வதைப்போல இதையும் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது.

கையெழுத்து போட்டால் ஒப்புக்கொண்டதா?

நம்மவர்கள் தடுக்கி விழுகிற இன்னொரு இடம், டிக்கெட். 'நான் தப்பே பண்ணலை, கையெழுத்து போட மாட்டேன்' என்பது இங்கே வீரம். கலிஃபோர்னியாவில் அந்தக் கையெழுத்துக்கு 'கோர்ட்டுக்கு வருகிறேன்' என்று மட்டும்தான் அர்த்தம். குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. போட மறுத்தால் கைது வரை போகலாம். போட்டுவிட்டு, பிறகு கோர்ட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம்.

டிக்கெட் வாங்குகிற காரணமும் பெரும்பாலும் சின்னதுதான். 'ஸ்டாப்' போர்டில் வண்டி முழுசாக நிற்க வேண்டும். வேகத்தைக் குறைத்து, யாரும் வரவில்லை என்று பார்த்து உருட்டிக்கொண்டு போவது நமக்குக் கவனமான டிரைவிங், அங்கே குற்றம். ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால், நடுவில் தடுப்பு இல்லாத இரண்டு லேன் சாலையில் எதிர்ப்பக்கம் வருகிறவரும் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம்தானே என்று நாம் போய்விடுவோம்.

சிங்கப்பூரில் ஒரு தமிழ் டிரைவர் மாட்டினால் ஆபத்து வேறு மாதிரி. 'பார்த்துக்கங்க சார்' என்று நோட்டை மடித்து நீட்டுவது. அபராதத்தோடு போயிருக்க வேண்டிய விஷயம் அந்த நொடியில் லஞ்ச வழக்காகிறது. அங்குள்ள ஊழல் தடுப்புச் சட்டப்படி 1 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் வாங்க மறுத்தாலும் நீட்டியதே குற்றம்.

வளைகுடாவில் பேசவே ஆள் கிடையாது. கேமரா பார்க்கும், போனில் மெசேஜ் வரும். அமீரகத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹாம், 12 கறுப்புப் புள்ளிகள், வண்டி 30 நாள் பறிமுதல். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். 4 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி சீட் இல்லையென்றால் 400 திர்ஹாம். 10 வயது ஆகாத குழந்தையை முன் சீட்டில் வைக்கக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை: சென்னையிலிருந்து விசிட் விசாவில் போன மாமனார் இந்திய லைசென்ஸும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வைத்துக்கொண்டு வாடகைக் காரை ஓட்டலாம். அங்கேயே குடியிருக்கிற மருமகன், அந்த ஊர் லைசென்ஸ் எடுக்காமல் ஓட்டக் கூடாது.

பிரிட்டனில் பொறி 12 மாதம். குடியேறிய நாளிலிருந்து ஒரு வருடம்வரை இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். அதற்குப் பிறகு செல்லாது. ஜப்பான், ஆஸ்திரேலியாக்காரர்களைப்போல மாற்றிக்கொள்ளவும் முடியாது, முதலிலிருந்து டெஸ்ட் எழுத வேண்டும். வேலை, ஸ்கூல் அட்மிஷன், வீடு தேடல் என்று ஓடுகிற அவசரத்தில் அந்தத் தேதி தாண்டிவிடும். 13-வது மாதம் போலீஸ் நிறுத்தினால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. இன்ஷூரன்ஸும் கேள்விக்குள்ளாகும். வண்டியை அங்கேயே பறிமுதல் செய்யப் போலீஸுக்கு அதிகாரம் இருக்கிறது. மழையில், ஸ்கூல் பையோடு இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு நீங்கள் ரோட்டோரம் நிற்பீர்கள்.

விசா வரை வரும் டிக்கெட்

'ஃபைன் கட்டினா முடிஞ்சுது' என்று இனிமேல் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் திடீரென நீக்கப்பட்டன. அமெரிக்கக் குடியேற்ற வழக்கறிஞர்கள் சங்கம் திரட்டிய 327 பேரின் விவரங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள். பலருக்கு எதிராக இருந்தது போலீஸோடு நடந்த ஏதோ ஒரு சின்ன உரசல். சிலருக்கு வெறும் டிராஃபிக் டிக்கெட், சிலருக்குத் தள்ளுபடியாகிப்போன கேஸ். கோர்ட்டுகளில் வழக்கு குவிந்த பிறகு, அந்த மாதக் கடைசியில் பதிவுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு ஓட்டியதற்குக் கைதானால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறையால் முடியும். ஹெச்-1பி காரர்களுக்கும் அதே கதிதான்.

வேகமாகப் போனதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நியாயமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை. உள்ளூர்க்காரருக்கு ஒரு மதியத்தைக் கெடுக்கிற டிக்கெட், விசாவில் இருப்பவருக்குக் குடும்பத்தின் இருப்பையே ஆட்டிப் பார்க்கிறது. போலீஸ் விளக்கைப் பார்த்ததும் கை நடுங்குவது இதனால்தான்.

இங்கே மட்டும் ஒழுங்கா?

வெளிநாட்டில் எல்லாம் சட்டப்படி, இங்கே எல்லாம் குளறுபடி என்று முடித்துவிட்டால் ஷேர் செய்ய நன்றாக இருக்கும். உண்மை அவ்வளவு நேராக இல்லை. 2023-ல் டெல்லியில் ஒரு கொரியரை நிறுத்திய டிராஃபிக் போலீஸ்காரர், 5,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு ரசீது தராமல் அனுப்பினார். வீடியோ பரவியது, சஸ்பெண்ட் ஆனார். நம் ஊருக்கு வந்து ஓட்டுகிற வெளிநாட்டு அப்பா அம்மாவுக்கும் பயம் இருக்கிறது, அது வேறு வகை. சென்னையில் 2018 முதல் டிராஃபிக் போலீஸ் ரொக்கம் வாங்குவதில்லை, கார்டோ ஆன்லைனோதான்.

மறுபக்கம், நம்முடைய 'கொஞ்சம் பார்த்துக்கங்க' முழுக்கத் தப்பும் இல்லை. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டில் வண்டிகள் போக இடமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மாநகராட்சி மீன் கடைகளை அகற்ற வந்தது. மீனவர்கள் ரோட்டில் படகை நிறுத்திப் போராடினார்கள். கடைசியில் புது மார்க்கெட் வரும்வரை போலீஸ் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது என்று ஒரு வழி பிறந்தது. சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கரையில் இருப்பவர்களுக்கும் ஆபீஸுக்கு ஓடுகிறவர்களுக்கும் நடுவில் அங்கே நின்ற கான்ஸ்டபிள் பேசித்தான் ஓட்டினார்.

ஆனால் அதே லூப் ரோடு 2024 அக்டோபரில் வேறு ஒன்றையும் பார்த்தது. நள்ளிரவில் காரை எடுக்கச் சொன்ன ரோந்து போலீஸாரை ஒரு ஆணும் பெண்ணும் தாறுமாறாகப் பேசி, துணை முதல்வர் பெயரைச் சொல்லி மிரட்டினார்கள். போலீஸார் அதை வீடியோ எடுத்தார்கள். மறுநாள் ஊரே பார்த்தது, இருவரும் கைதானார்கள். 'நான் யார் தெரியுமா' என்ற வசனம் இங்கேயே எடுபடவில்லை.

மடியில் குழந்தை விஷயத்துக்கும் வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குள் உள்ள பிள்ளைக்கு பெல்ட்டோ தகுந்த சீட்டோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. இந்தியச் சட்டம்தான், 2019 திருத்தத்தில் வந்தது. யாரும் கேட்பதில்லை என்பதால் இல்லாத மாதிரி இருக்கிறோம்.

கிளம்புகிறவர்களுக்கு: சர்வதேச ஓட்டுநர் அனுமதியை, உங்கள் லைசென்ஸ் எந்த ஆர்.டி.ஓ-வில் இருக்கிறதோ அங்கே வாங்குங்கள். மயிலாப்பூர் பக்கத்துக்காரர்களுக்கு மந்தைவெளி. பாஸ்போர்ட், லைசென்ஸ் வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அது தனி லைசென்ஸ் ஆகாது, இந்திய லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். இணையத்தில் 'இன்டர்நேஷனல் லைசென்ஸ், 10 வருஷ வேலிடிட்டி' என்று விற்பதை வாங்காதீர்கள். கலிஃபோர்னியாவில் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு இந்திய லைசென்ஸே போதும். குடியேறுகிறவர் 10 நாளுக்குள் அந்த மாகாண லைசென்ஸுக்குப் போக வேண்டும்.

டிக்கெட் வந்துவிட்டால் கடைசித் தேதிக்கு முன் கட்டுங்கள், அல்லது கோர்ட்டுக்குப் போங்கள். வீடு மாறியதில் நோட்டீஸ் வரவில்லை என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் லைசென்ஸ் முடக்கம், வாரன்ட் என்று வளரும். கட்டியபின் ரசீதையும் கேஸ் முடிந்த பேப்பரையும் தூக்கிப் போடாதீர்கள். அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தில், போலீஸ் உங்களுக்கு எப்போதாவது டிக்கெட் கொடுத்ததுண்டா என்று பல வருடம் கழித்துக் கேட்பார்கள். பாஸ்போர்ட், பிள்ளைகளின் பர்த் சர்டிஃபிகேட் இருக்கிற அதே ஃபைலில் அதையும் வையுங்கள்.