இந்தியாவில் கெம்பஸ் இலேசா? பெறுபேறு வந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை



உயர்தரப் பெறுபேறு வந்ததும் நம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். "இஞ்ச கெம்பஸ் கிடைக்கிறது குதிரைக் கொம்பு. இந்தியாவுக்கு அனுப்பினா வேல முடிஞ்சுது." கடந்த முறை இசட் ஸ்கோர் சற்றுக் குறைந்து மருத்துவம் தவறிய ஒரு மாணவியின் வாப்பா, வயற்காணியை ஈடு வைக்கும் யோசனையோடு நம்மிடம் வந்தார். ஏஜென்ட் ஒருவர் முற்பணம் கேட்டிருந்தாராம். அந்த வாப்பாவுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறோம்.

முதலில் நம் நாட்டைப் பார்ப்போம். வருடந்தோறும் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறார்கள். உள்ளே போவது நாற்பதாயிரம் பேர் அளவில்தான். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று இடங்கள் பிரிக்கப்படுகின்றன. அதனால்தான் ஒரே இசட் ஸ்கோர் ஒரு மாவட்டத்தில் போதும், இன்னொரு மாவட்டத்தில் போதாது. வாசல் ஒடுக்கம்தான். ஆனால் உள்ளே போனவருக்குப் பட்டப்படிப்பு இலவசம். கூலித் தொழிலாளியின் பிள்ளையும் மருத்துவபீடத்தில் அமர முடிகிறதென்றால் காரணம் அதுதான்.

இந்தியாவில் வாசல்கள் அதிகம் என்பது உண்மை. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளுக்கு பிளஸ் டூ புள்ளிகளை வைத்தே சேர்க்கிறார்கள், தனி நுழைவுப் பரீட்சை கிடையாது. சாதாரணப் பட்டப்படிப்புக்குக் கல்லூரிகள் ஏராளம். ஆனால் மருத்துவத்தின் கதை வேறு. 2024இல் நீட் பரீட்சை எழுதியவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல். எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டும், அவற்றில் பாதியளவுதான் அரச கல்லூரிகளில். மீதிக்குத் தனியார் கல்லூரிகள். அங்கே நல்ல நிலை எடுத்த ஏழைப் பிள்ளை பணமில்லாமல் திரும்ப, அதைவிடப் பின்னால் நின்ற வசதியான பிள்ளை சேர்ந்துவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதில் அடிபடுகிறார்கள் என்றுதான் தமிழ்நாடு 2020இல் அவர்களுக்கு 7.5 வீதம் ஒதுக்கியது.

ஆக, இந்தியா இலேசு என்ற பேச்சு பாதிதான் உண்மை. இங்கே புள்ளி வடிகட்டுகிறது. அங்கே முதலில் புள்ளியும் பிறகு பணமும் வடிகட்டுகின்றன. நம் பிள்ளையிடம் ஏஜென்ட் காட்டுவது பெரும்பாலும் அந்தப் பண வாசலைத்தான்.

வெளிநாட்டில் படிப்பதை நாம் எதிர்க்கவில்லை. இந்தியாவிலும் பங்களாதேஷிலும் படித்து வந்து நம் வைத்தியசாலைகளில் நல்ல சேவை செய்வோர் இருக்கிறார்கள். ஆனால் பணம் கட்டுமுன் அந்த மருத்துவக் கல்லூரியை இலங்கை மருத்துவ சபை அங்கீகரித்திருக்கிறதா என்று நேரடியாக விசாரியுங்கள். உயர்தரத்தில் கேட்கப்படும் குறைந்தபட்சத் தகுதி பிள்ளைக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். படித்து முடித்து வந்தாலும் இங்கே சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் வைத்தியராகத் தொழில் செய்யலாம். முழுச் செலவையும் எழுத்தில் கேளுங்கள். இதற்கெல்லாம் "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவம்" என்று பதில் வந்தால், எழும்பி வந்துவிடுங்கள்.

ஆசிரியர்களாகிய நம் பக்கமும் பிழை இருக்கிறது. டாக்டர், எஞ்சினியர் என்று இரண்டு பெயர்களையே பிள்ளைகளின் காதில் ஓதி வளர்த்திருக்கிறோம். மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் நூறுக்கும் மேற்பட்ட கற்கைநெறிகள் இருக்கின்றன. தாதியியல், மருந்தாளர், கதிரியக்கவியல், விவசாயம், தகவல் தொழில்நுட்பம் என்று எத்தனையோ. சிலவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் தனியாக உளச்சார்புப் பரீட்சை வைக்கின்றன. விண்ணப்பத் திகதி தெரியாமலே அதைத் தவறவிடும் பிள்ளைகள் உண்டு. விருப்பு ஒழுங்கைப் பிழையாக நிரப்பி, கிடைக்க வேண்டியதை இழந்தவர்களும் உண்டு. இந்த இழப்புகளுக்கு இசட் ஸ்கோர் காரணமல்ல, வழிகாட்டாத நாம்தான் காரணம்.

ஆகவே ஊரிலுள்ள ஆசிரியர்களிடமும், பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடமும், பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி தங்கைகளிடமும் ஒரு வேண்டுகோள். விண்ணப்ப காலத்தில் இரண்டு வார இறுதிகளை ஒதுக்குவோம். கைநூலை விரித்து வைத்து, பிள்ளையையும் உம்மா வாப்பாவையும் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு படிவத்தையும் சேர்ந்து நிரப்புவோம். செலவு ஒரு பிளேன்டீதான்.

அந்த வாப்பா காணியை ஈடு வைக்கவில்லை. மகள் இரண்டாம் முறை எழுதத் தயாராகிறாள். இம்முறையும் மருத்துவம் கிடைக்காமல் போகலாம். ஆனால் வேறென்ன படிக்கலாம் என்று இப்போது அவளுக்குத் தெரியும், வீட்டிலும் நிம்மதி இருக்கிறது.

பெறுபேறு குறைந்த பிள்ளையைச் சபையில் வைத்து "எத்தினை எடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான தொழிலையும் தருவானாக. ஆமீன்.