மரமில்லா மாளிகையும் மரம் வெட்டியவரும்

பழைய அரண்மனையைக் காணச் செல்லும் மாணவராகிய நாம், அரசன் வாழ்ந்த இடத்தைப் பார்த்ததும் வரலாற்றையே பார்த்துவிட்டதாக எண்ணித் திரும்புகிறோம். அது பாதி வரலாறே. மதிலுக்கு வெளியே நிற்கும் காட்டையும் கண்டால்தான் மறுபாதி விளங்கும். சந்திரகிரி சென்று வந்தபின் நான் கொண்ட முடிவு இது.

திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ளது சந்திரகிரி. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின், அரவீடு மரபினர் பெனுகொண்டாவிலும் பின்னர் இங்கும் இருந்து ஆண்டனர். 1639இல் ஆங்கில வணிகருக்கு மதராசப்பட்டினத்தில் இடமளித்த தாமர்ல வேங்கடப்ப நாயக்கர் இவ்வரசுக்கு உட்பட்டவரே. மூன்றடுக்கு இராஜமகால் இன்று தொல்பொருட் காட்சியகம். கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் அங்கே உள்ளன. பக்கத்தில் நிற்பது இராணிமகால்.

இராஜமகாலில் என்னைச் சிந்திக்க வைத்தது ஒன்று. கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமே அதன் உடல். மரம் சேர்க்காமலே அதைக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அதனை அடுத்த சேஷாசலக் காட்டில் வளர்வதோ செம்மரம்! கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது. சீனரின் விலையுயர்ந்த இருக்கைகளுக்கும், ஜப்பானியரின் சாமிசென் என்னும் இசைக்கருவியின் கழுத்துக்கும் அது வேண்டப்படுகிறது. 2010இல் இக்காடு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சட்டம் காக்கிறது, விலையோ அழைக்கிறது.

அவ்வழைப்புக்குச் சென்றவர் யார்? 2015 ஏப்ரல் 7 அன்று, அப்போது சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கும் சந்திரகிரிப் பகுதிக் காட்டில், ஆந்திரக் காவலர் சுட்டதில் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தாரே அவர்களில் மிகுதி. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. போலி மோதல் என்றனர் மனித உரிமை இயக்கத்தார்.

"காட்டைக் காக்க வேண்டாமா? திருட்டைப் போற்றுவதா?" என்று நண்பர் கேட்கலாம். காட்டைக் காக்கத்தான் வேண்டும். மரம் கடத்துவது குற்றமே. ஆயின் குற்றத்துக்குத் தண்டனை வழங்க வேண்டியது நீதிமன்றம், துப்பாக்கியன்று. கோடாரி பிடித்த கைக்குக் கிடைப்பது கூலி. கப்பலேற்றி விற்பவனுக்கோ கொள்ளை ஆதாயம். கூலிக்காரனை வீழ்த்திவிட்டு வணிகனை விட்டுவைத்தால் காடும் பிழைக்காது. வேலையற்ற மலையூரிலிருந்து அடுத்த கூலிக்காரன் வருவான், அவ்வளவே.

வேங்கடமே தமிழகத்தின் வடவெல்லை எனத் தொல்காப்பியப் பாயிரத்தைக் காட்டி மேடைதோறும் முழங்குகிறோம். எல்லையைச் சொல்லி நிமிரும் நெஞ்சு, அவ்வெல்லையில் வீழ்ந்த ஏழையை எண்ணிக் குனிய வேண்டாவா? மலையின்மீது உரிமை பேசுவோருக்கு அந்த மனிதரிடத்தில் கடமை இல்லையா?

ஆகவே நம் மன்றத்தார்க்கு ஒன்று சொல்வேன். அடுத்த சுற்றுலாவில் சந்திரகிரியோடு ஜவ்வாது மலையையும் சேருங்கள். அரண்மனையில் எத்தனை மாடம் என எண்ணியவர்கள், மலையூர்களில் எத்தனை பள்ளி, என்ன வேலை, எவ்வளவு கூலி என்பதையும் கேட்டு எழுதுங்கள். அதனை இம்மலரிலேயே வெளியிடுவோம். மன்னர் வரலாற்றை எழுத அறிஞர் பலர் உண்டு. மரம் வெட்டியவர் வரலாற்றை மாணவராகிய நாமாவது எழுதத் தொடங்குவோம்.