நாலாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய வேலை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வின் முடிவு வெளியானதும், தேர்ச்சி பெற்ற மாணவ மாணவியரின் படங்கள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வருகின்றன. தலைமை ஆசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் பக்கத்தில் நிற்கிறார்கள். பாராட்ட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் படங்களில் நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. எண்ணத் தொடங்கினால் அடுத்த கேள்வி தானாக வரும்: நம் பிள்ளைகளில் விண்ணப்பம் போட்டவர்களே எத்தனை பேர்?

திருச்செந்தூர் வட்டாரத்தில் வாழைத் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் கட்டட வேலைக்கும் விடியற்காலையில் கிளம்பிப் போகிற பெற்றோருக்கு, பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் படிக்க நேரம் கிடையாது. பிள்ளை சொன்னால்தான் தெரியும். பிள்ளைக்கும் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அறிவிப்பு வந்து விண்ணப்பம் முடிகிற அந்தச் சில வாரங்களுக்குள் சாதிச் சான்று இல்லை, வருமானச் சான்று இல்லை, ஆதாரில் பெயர் வேறு மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கிளம்பும். கடைசியில் 'அடுத்த முறை பார்க்கலாம்' என்பார்கள். எட்டாம் வகுப்புக்கு அடுத்த முறை கிடையாது.

ஆகவே இந்த வேலையை எட்டாம் வகுப்பில் அல்ல, நாலாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்கிறோம்.

ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம்

அமெரிக்கா போன்ற நாடுகளில் அரசுத் தொடக்கப் பள்ளியிலேயே, வகுப்பைவிட முன்னே போகும் பிள்ளையை அடையாளம் கண்டு தனிப் பாடம் கொடுக்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் அப்படி ஒன்று இல்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட வந்த திட்டம் அது. பின்தங்கிய பிள்ளையைக் கைதூக்கி விடுவது அதன் நோக்கம். அந்த நோக்கம் சரியானது. ஆனால் மலர் நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன? ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் பள்ளியில் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இல்லை. கணக்கைச் சட்டென்று முடித்துவிட்ட பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, அல்லது சாக்பீஸ் எடுத்துவர அனுப்பப்படுகிறது. சில ஆண்டு இப்படிச் சும்மா உட்கார்ந்த பிள்ளைக்குப் படிப்பில் உள்ள ருசியே போய்விடும்.

கிராமத்துத் திறமையான பிள்ளைகளுக்கு என்று 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின்படி ஒன்றிய அரசு தொடங்கிய நவோதயா பள்ளிகள், ஐந்தாம் வகுப்பில் தேர்வு வைத்து ஆறாம் வகுப்பில் சேர்க்கின்றன. மொழிக் கொள்கை காரணமாகத் தமிழ்நாட்டில் அவை இல்லை. இந்தித் திணிப்பை எதிர்ப்பதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் ஒரு கதவு வேண்டாம் என்று மூடிய அரசு, அதே வயதுப் பிள்ளைக்குத் தன் பங்கில் ஒரு கதவைத் திறந்திருக்க வேண்டும். மாநில அரசின் மாதிரிப் பள்ளிகள் தங்கிப் படிக்கும் வசதியோடு நன்றாகவே நடக்கின்றன; ஆனால் அவை ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். ஐந்து முடித்த பிள்ளைக்கும் ஒன்பதுக்குப் போகும் பிள்ளைக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தை, காசு உள்ளவர்கள் தனியார் பள்ளியும் டியூஷனும் வைத்துத் தாண்டிவிடுகிறார்கள். நம் பிள்ளைகள்தாம் அதில் விழுகிறார்கள்.

திறமை யார் கண்ணுக்குத் தெரிகிறது?

'நல்லாப் படிக்கிற பிள்ளை' என்று பள்ளியில் யாரைச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சட்டை மடிப்புக் கலையாமல், புத்தகத் தமிழில் பதில் சொல்லி, வீட்டுப்பாடத்தை ஒழுங்காக எழுதி வருகிற பிள்ளை உடனே கண்ணில் படுகிறது. வீட்டில் மேசையோ தனி விளக்கோ இல்லாத, தெருத் தமிழில் பேசுகிற, கேள்வி கேட்டால் 'வாயாடி' என்று பெயர் வாங்குகிற பிள்ளை கண்ணில் படுவதில்லை. வாழைத்தார் எத்தனை, விலை என்ன, வண்டி வாடகை போக மிச்சம் என்ன என்று மனக்கணக்காகச் சொல்கிற பிள்ளை இருக்கிறது. ஒரு முறை கேட்ட கதையை வரி பிசகாமல் சொல்கிற பிள்ளை, பழுதான டார்ச் லைட்டைப் பிரித்துப் பார்த்து மாட்டுகிற பிள்ளை, 'ஏன்' என்று விடாமல் கேட்கிற பிள்ளை எல்லாம் இருக்கின்றன. இதை ஆசிரியருக்கு முன்பே பார்ப்பது தாயும் பாட்டியும்தான். பார்த்ததைப் பள்ளியில் போய்ச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் பிள்ளையின் அறிவைப் பற்றிப் பேச நமக்குத் தகுதியில்லை என்று நினைக்க வேண்டியதில்லை.

அண்ணல் அம்பேத்கரின் கதை நமக்கு மனப்பாடம். ஆனால் அதில் ஓர் இடத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அந்த இளைஞனைக் கவனித்து வந்தார். தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவர் அவர். மேற்படிப்புக்குக் குடும்பத்தில் பணம் இல்லை என்றபோது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட்டிடம் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. பின்னர் அதே மன்னரின் உதவியில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அறிவு அம்பேத்கருடையது. ஆனால் எங்கே உதவி இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார். தனக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் அவர் அரசில் இருந்தபோது, 1944இல், பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை வந்தது. மன்னரின் தயவாக இருந்ததை அவர் உரிமையாக்கினார். அந்த உரிமையைக் கேட்டு வாங்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் வேண்டும் என்பதே இன்றைய வேலை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலில் சான்றுகள். நாலாம் வகுப்பு முடிவதற்குள் சாதிச் சான்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள். வருமானச் சான்றைத் தேவைப்படும்போது புதிதாகக் கேட்பார்கள். ஒரு முறை வாங்கிப் பழகினால் அடுத்த முறை எளிது. பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிப் பதிவேடு, வங்கிப் புத்தகம் நான்கிலும் பிள்ளையின் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும்.

இரண்டாவது, எது எப்போது என்று தெரிந்துகொள்வது. பட்டியல் சாதி, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 500 ரூபாயும், ஆறாம் வகுப்பில் 1,000 ரூபாயும், ஏழு, எட்டில் 1,500 ரூபாயும் ஊக்கத்தொகை உண்டு. சிறிய தொகைதான். ஆனால் அதைக் கேட்டு வாங்குவதில்தான் மற்றவற்றைக் கேட்கும் பழக்கமும் வரும்.

எட்டாம் வகுப்பில் முதலில் சொன்ன தேர்வு வருகிறது. என்.எம்.எம்.எஸ். என்றால் ஆசிரியர்களுக்குப் புரியும். அரசு, உள்ளாட்சி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். மனத்திறன் பகுதியில் 90 வினா, படிப்புத்திறன் பகுதியில் 90 வினா. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. தேர்வானால் மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தம் 48,000 ரூபாய். தேர்வில் பெயர் வந்ததோடு வேலை முடியவில்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும், பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் பணம் நிற்கும். மனத்திறன் வினாக்கள் பாடப் புத்தகத்தில் வருபவை அல்ல. எண் வரிசை, உருவ ஒற்றுமை, விடுபட்ட எழுத்து என்று பழகிப் பழகித்தான் கைவரும். ஆறாம் வகுப்பிலேயே விளையாட்டுப் போலத் தொடங்கினால் எட்டில் பயம் இருக்காது.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதக் கணக்குப் பார்த்தால் 84 ரூபாய்கூட வரவில்லை. இதை அரசு உயர்த்த வேண்டும். இருந்தாலும் தேர்வை எழுதட்டும். தேர்வு எழுதிப் பழகுவதே ஒரு படிப்பு.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. தலைமுறைகளுக்கு முன் கிறித்தவம் தழுவிய நம் உறவுகள் பலருக்குச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்றே இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் தளர்வு இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்து தயாராக வேண்டும். அதே நேரம், மாநில ஆதிதிராவிடர் நலத்துறையின் உதவிகள் பலவற்றில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறது. கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடும் இடமாக அதை விட்டுவிடாதீர்கள். 'இந்த ஆண்டு தேர்வு எழுதத் தகுதியுள்ள பிள்ளைகள் யார் யார், அதில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், மீதிப் பேர் ஏன் விண்ணப்பிக்கவில்லை' என்று பெயர் பெயராகப் படித்துக் காட்டித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். மரியாதையாகக் கேட்டாலே போதும். அக்கறையுள்ள ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பெற்றோர் கேட்பது அவர்களுக்கும் பலம்.

படிப்பும் பாதுகாப்பும்

நன்றாகப் படி என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படிக்கும் நம் மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தனக்கு நடந்த கொடுமையைப் பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அடுத்த ஆண்டு பிளஸ் 2 தேர்வில் அவன் 600க்கு 469 எடுத்தான். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே தேர்வெழுதப் பேருந்தில் போன பிளஸ் 1 மாணவனை இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் வென்ற ஆத்திரம் என்று செய்திகள் வந்தன. பாடத்திலோ விளையாட்டிலோ நம் பிள்ளை முன்னுக்கு வருவதைப் பொறுக்காத மனங்கள் தாமிரபரணிக் கரையில் இன்னும் இருக்கின்றன. பிள்ளை திடீரென்று பள்ளிக்குப் போக மறுத்தால், சோம்பேறித்தனம் என்று அடிக்காமல் காரணம் கேளுங்கள். நாங்குநேரிக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையை அரசு எவ்வளவு நடைமுறைப்படுத்தியிருக்கிறது என்று கேட்பதும் பெற்றோர் வேலைதான்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. ஐந்தாம் வகுப்பு முடிக்கும் திறமையான கிராமப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அளவில் வாரம் ஒரு நாள் தனி வகுப்பு. போகவர பேருந்தும் மதியச் சாப்பாடும் சேர்த்து. உதவித்தொகைத் தேர்வுகளின் அறிவிப்பை ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் தண்டோராவோ ஒலிபெருக்கியோ வைத்துச் சொல்வது. ஒவ்வொரு பள்ளியிலும் தகுதி பெற்றவர், எழுதியவர், தேறியவர் எண்ணிக்கையைப் பிரிவுவாரியாக வெளியிடுவது.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது, விண்ணப்பம் நிரப்பத் தெரியும். இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் நாலாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். யாரிடம் எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை என்று பக்கத்தில் குறியுங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாளை எடுத்து ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்காருங்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்று ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லோரையும் உட்கார வையுங்கள். யார் எப்போது மேலே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. நோட்டு இந்த வாரமே தொடங்கட்டும்.