பழைய ஜப்பான் கார் வாங்கலாமா?

"ஜப்பான் சாமான்" என்று சொன்னால் நம் பாட்டன்மார் காலத்தில் ஜனங்கள் முகத்தைச் சுளிப்பார்கள். 1930-ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் நம் கடைத்தெருக்களில் ஜப்பானியப் பொம்மைகளும் துணிகளும் வந்து குவிந்தன. விலை மலிவு, உழைப்பும் அதற்கேற்ற மலிவு என்பது அக்காலத்துப் பேச்சு. அந்தத் துணி வெள்ளத்தைத் தடுக்க 1933-ல் சர்க்கார் சுங்க வரியை 75 சதவிகிதமாக உயர்த்த வேண்டியிருந்தது. கதர் உடுத்தியவர்கள் லங்காஷயர் துணியோடு ஜப்பான் துணியையும் சேர்த்தே விலக்கினார்கள்.

இன்று காலம் தலைகீழாக மாறிவிட்டது. "ஜப்பான் எஞ்சின், ஸார்!" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் வாதமே கிடையாது. இருபது ஆண்டு பழசானாலும் ஜப்பான் எஞ்சின் என்றால் நம் வாலிபர்கள் புதுக் காரை விட்டுவிட்டு அதன் பின்னே போகிறார்கள். சென்ற மாதம் எங்கள் பனமலையிலேயே இந்தப் பிரச்னை எழுந்தது. அது ஒரு குடும்பத்தின் விஷயம் மாத்திரம் அல்ல. பல வீடுகளில் நடக்கும் விவாதம். ஆகையால் இவ்வாரம் அதைப் பற்றி எழுதலாமென்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். ஸ்போர்ட்ஸ் கார் என்று ஜப்பானியர் பெயர் வாங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை நம் தேசத்தில் விற்பனைக்கே வந்ததில்லை. ஜப்பானில் புதுக் காரை வாங்கி மூன்று ஆண்டானதும் சர்க்கார் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பதின்மூன்று ஆண்டு கடந்த பெட்ரோல் காருக்கு வரியும் கூடும். இதனால் அங்கே நல்ல நிலையிலுள்ள கார்களையும் சீக்கிரமே விற்றுவிடுகிறார்கள். சாலையில் இடப்புறமாக ஓட்டும் தேசங்களுக்கு அவை கப்பலேறுகின்றன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடும் கார்களில் பல இவ்விதம் வந்தவையே. இந்தியாவிலோ சட்டம் வேறு. மூன்று ஆண்டுக்கு மேல் பழசான காரைச் சாதாரணக் குடும்பஸ்தர் இறக்குமதி செய்ய வழியில்லை. ஆகவே நம் வாலிபர்களின் ஆசை, இங்கேயே செய்து விற்ற ஜப்பானிய மாதிரிகளின் மேல் போய் நிற்கிறது. அவற்றுள் முக்கியமானது லான்ஸர்.

லான்ஸரின் கதை நம் நாட்டாருக்கு அந்நியமானதல்ல. கென்யாவில் பிறந்த ஜோகிந்தர் சிங் என்ற சீக்கியர், மெக்கானிக்காகத் தொழில் தொடங்கியவர். சேறும் புழுதியும் நிறைந்த கிழக்கு ஆப்பிரிக்க ஸஃபாரி ராலியில் அவர் மூன்று தடவை முதலிடம் பெற்றார். 1974-லும் 1976-லும் அவர் ஓட்டியது மிட்ஸுபிஷி லான்ஸர். 1965-ல் அவர் ஜயித்த வால்வோ காரோ, முந்திய ஆண்டுப் போட்டியில் வேறொருவர் ஓட்டித் தீர்த்த பழைய வண்டி! பின்னர் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பின்லாந்து தேசத்து டோமி மாக்கினென் லான்ஸரிலேயே உலக ராலிப் பட்டத்தை வென்றார்.

அந்தப் புகழ் உச்சியில் இருந்த 1998-ஆம் ஆண்டில்தான், அம்பாஸடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் திருவள்ளூரில் லான்ஸரைத் தயாரிக்கத் தொடங்கினர். 2006-ல் அதன் அடுத்த அவதாரமான ஸீடியா வந்தது. இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். 115 குதிரைச் சக்தி. பந்தயக் காரின் எஞ்சின் எந்த வம்சமோ அதே வம்சம், ஆனால் டர்போ இல்லாத சாதுவான கிளை. பின் சக்கரங்களுக்கு நல்ல ஸஸ்பென்ஷன். வளைவில் உடல் சாயாமல் திரும்பும். நம் தேசத்து ராலிப் போட்டிகளிலும் அது பல ஆண்டுகள் ஓடியது. நான்கு கதவுள்ள குடும்பக் காருக்குள் ஒரு பந்தயக் குதிரையின் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

எங்கள் ஊர் வாலிபர் கண்ணில் பட்டது இத்தகைய ஸீடியா ஒன்று. 2008-ல் பதிவான வண்டி. கேட்கும் விலை ஒன்றரை லட்சம் ரூபாய். வாலிபர் என்னிடம் படித்தவர். இப்போது சென்னையில் உத்தியோகம். தகப்பனார் பனமலையிலேயே கரும்பும் மணிலாவும் பயிரிடுகிறார். போன ஆண்டு அவருக்கு மார்வலி கண்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு 20 கிலோமீட்டர் தூரம் இரவில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதிலிருந்து வீட்டுக்கு ஒரு கார் வேண்டும் என்று தீர்மானம். சேர்த்து வைத்த பணம் ஒன்றே முக்கால் லட்சம். "ஸார், இந்த விலைக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது" என்று அவர் சொன்னார். விலையைப் பொறுத்தவரை அது முழு உண்மை. ஆனால் கார் வாங்குவதில் விலை என்பது முதல் கேள்வி அல்ல, கடைசிக் கேள்வி.

முதல் கேள்வி காகிதம். தனிப்பட்ட காரின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அதன் பிறகு ஐந்து ஐந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக உயர்த்தினார்கள். ஆகவே 2008-ல் பதிவான வண்டி 2023-ல் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பது அவசியம். இல்லையெனில், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் அபராதம் ஏறிக்கொண்டிருக்கும்.

அடுத்து நம்பர் பலகையைப் பாருங்கள். 32 என்றால் விழுப்புரம், 16 என்றால் திண்டிவனம்; இவற்றில் சிக்கல் குறைவு. எங்கள் பக்கத்தில் புதுச்சேரி நம்பர் கார்கள் ஏராளம். டில்லி நம்பர் கார்களும் தலை காட்டுகின்றன. அங்கே பழைய வண்டிகளுக்கு விதித்த தடையை 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்ததும், பல கார்கள் மலிவு விலைக்குத் தெற்கே வந்தன. வெளி ராஜ்யத்து வண்டியை இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும். ஆயுள் வரியும் கட்ட வேண்டும். மலிவாகக் கிடைத்த லாபம் அதிலேயே கரைந்துபோகும்.

எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பதிவுச் சான்றில் உள்ளபடியே இருக்கின்றனவா, பாங்கிக் கடன் ஏதும் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஒத்துப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். வாங்கியதும் பெயர் மாற்றத்தை ஒத்திப் போடலாகாது. கார் பல கை மாறினாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் செய்தது. விற்பவருக்குத்தான் இதில் அதிக அபாயம். ஆகவே நாணயமான விற்பனையாளர் பெயர் மாற்றத்துக்குத் தாமே அவசரப்படுவார். அவர் அவசரப்படவில்லை என்றால் நீங்கள் சந்தேகப்படலாம்.

இரண்டாவது கேள்வி யந்திரம். பழைய காரைக் காலை வேளையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் போகும் முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் மற்றொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால், ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் புகுகிறதோ என்று ஐயுற வேண்டும். கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். அதைத் திருப்பி வைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். பிரேக் மிதியின் ரப்பரும் ஓட்டுபவர் ஆசனத்தின் ஓரமும் பொய் சொல்லத் தெரியாதவை. கடற்கரை ஊரில் இருந்த வண்டியானால் அடியில் படுத்துத் துருவைத் தேடுங்கள்.

ஸீடியாவுக்கென்று விசேஷமான சோதனை ஒன்று உண்டு. அதன் எஞ்சினுக்கு டைமிங் பெல்ட் என்ற ரப்பர் வார் இருக்கிறது. அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டன்மேல் மோதி வளைந்துபோகும். எஞ்சினையே பிரிக்க வேண்டும். குறித்த காலத்தில் அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் மலைமேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் ஆலயம் 1,300 ஆண்டுகளாக நிற்கிறது. பக்கச் சந்நிதி ஒன்றில் குடைக்கீழ் நிற்கும் பார்வதி தேவியின் சித்திரம் இன்னும் அழியாமல் இருக்கிறது. மற்றச் சுவர்களில் இருந்த வர்ணங்கள் பெரும்பாலும் போய்விட்டன. கல் ஒன்றே, காலமும் ஒன்றே. காற்றும் மழையும் படாத மூலை பிழைத்தது. ஆகவே பழசு என்பது ஒரு குற்றமன்று. பழசு எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதே விஷயம். அந்த ஸீடியாவுக்கு ஒரே எஜமானர், ரசீதுகள் எல்லாம் பத்திரம், பெல்ட் மாற்றியதற்கும் சீட்டு இருந்தது. யந்திரத்தைப் பொறுத்தவரை வாலிபரின் கண் தவறவில்லை.

மூன்றாவது கேள்விதான் கனமானது: இதை யார் ரிப்பேர் செய்வார்கள்? சுதேசிப் பொருள் எது என்ற பழைய கேள்வியும் இங்கேதான் திரும்ப வருகிறது. 1983-ல் வந்த மாருதி 800-ம் ஜப்பானிய மாதிரிதான். 2014-ல் அதன் தயாரிப்பும் நின்றுபோயிற்று. ஆனால் 25 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி ஆகையால் அதன் உறுப்புகள் செஞ்சியிலும் கிடைக்கும், விக்கிரவாண்டியிலும் கிடைக்கும். சாலையோரத்து மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். அந்த ஜப்பானியக் கார் நம்முடையதாகவே ஆகிவிட்டது.

ஸீடியாவின் கதி வேறு. அது பிறந்தது நம் திருவள்ளூரில். பனமலையிலிருந்து ஒரு பகல் பிரயாணம்கூட இல்லை. ஆயினும் விற்ற தொகை சொற்பம். தயாரிப்பு நின்றது, மிட்ஸுபிஷியார் இன்று நம் தேசத்தில் புதுக் கார் விற்பதில்லை. அந்தத் தொழிற்சாலையிலிருந்து இப்போது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் கார்கள் வெளிவருகின்றன. ஒரு சாமான் வேண்டுமானால் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையில் விசாரிக்க வேண்டும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றியதைத் தேட வேண்டும். அல்லது வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். பெட்ரோலிலும் இப்போது ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கிறார்கள். எங்கள் கரும்பு விவசாயிகளுக்கு அது நல்ல செய்தி. பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களுக்கு அவ்வளவு நல்ல செய்தியன்று. அவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

நம் மண்ணில் செய்த பொருள் அந்நியமாகிவிட்டது. அந்நிய மாதிரி ஒன்று நம்முடையதாகிவிட்டது. எந்தப் பொருளைப் பழுது பார்க்கும் கையும் உறுப்பும் நம் ஊரில் உண்டோ, அதுவே குடும்பத்துக்குச் சுதேசிப் பொருள் என்பது என் அபிப்பிராயம். ஜோகிந்தர் சிங் பழைய வால்வோவில் ஜயித்தார் என்றால், அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டும் வித்தை அவர் கையிலேயே இருந்தது. நம் வாலிபருக்குச் சக்கரம் மாற்றத் தெரியும், அவ்வளவுதான்.

கடைசியாக, எதற்காகக் கார்? இதை நான் கேட்டதும் வாலிபர் சற்று மௌனமாக இருந்தார். "அப்பாவுக்குத்தான், ஸார். அவசரத்துக்கு 108 இருக்கிறதே" என்றார்.

"108 இருப்பதால் கார் வேண்டாம் என்றால் சரி, தம்பி. கார் வேண்டும் என்று தீர்மானித்தால், அது ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். புதுப்பேட்டையிலிருந்து சாமான் வரட்டும் என்று மார்வலி காத்திருக்காது" என்றேன்.

நான் அவருக்குச் சொன்ன கணக்கு இதுதான். உறுப்பு அரிதான பழைய காரை வாங்குகிறவர், விலைக்குச் சமமான மற்றொரு தொகையைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கு ஸீடியா வாங்க மூன்று லட்சம் வேண்டும். ஒன்றே முக்கால் லட்சம் உள்ளவர், எண்பதாயிரம் தொண்ணூறாயிரத்துக்கு நல்ல மாருதி ஒன்றைத் தேடிக்கொண்டு மிச்சத்தைக் கையில் வைத்திருப்பதே புத்திசாலித்தனம். தகப்பனாரை ஏற்றிச் செல்லும் ஒரே வண்டியாக ஸீடியா கூடாது.

ஆனால் அந்த ஆசையை நான் பழிக்கமாட்டேன். வீட்டில் வேறொரு வண்டி இருந்து, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரும் ஓய்வு நேரமும் உள்ளவர்கள் அத்தகைய காரைத் தாராளமாக வாங்கலாம். நம் திருவள்ளூர்த் தொழிலாளர் கை பட்ட நல்ல யந்திரம் பழைய இரும்பாகப் போகாமல் காப்பாற்றுவதும் ஒரு தேசத் தொண்டுதான். எங்கள் வாலிபர் மாருதி தேடத் தொடங்கியிருக்கிறார். ஸீடியாவின் படத்தை மட்டும் இன்னும் கைபேசியிலிருந்து அழிக்கவில்லையாம். இருக்கட்டும், தகப்பனார் சுகமாக இருந்து, கரும்புப் பணமும் காலத்தில் வந்தால், இரண்டாவது வண்டிக்கும் ஒரு காலம் வரும்.